அந்த 16 பேர் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை. மாதா கோவில் மணி அடிக்கிறது.

லால்குடி வட்டாரத்துக் கிராமம் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். வாய்க்கால் கரை வழியாக ஜனங்கள் வருகிறார்கள். துவைத்துக் கட்டிய வேட்டி. பெட்டியிலிருந்து எடுத்த சேலை. எண்ணெய் வைத்து வாரிய தலையோடு குழந்தைகள். பூசை தொடங்குவதற்குள் கோவில் நிறைந்து விடுகிறது.

கோவிலைச் சேர்ந்தவர்கள் மொத்தம் 1,000 பேர் என்று வைத்துக் கொள்வோம்.

இப்போது ஒரு சிறு கணக்கு.

2011-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர், நடக்க முடியாதவர், மன வளர்ச்சி குன்றியவர் எல்லாரும் சேர்ந்து 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். அதாவது, ஆயிரம் பேருக்கு 16 பேர்.

அப்படியானால் இந்தக் கோவிலிலும் 16 பேர் இருக்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். தூணோரம் ஒருவர். பின் வரிசையில், பேரனின் தோளைப் பிடித்தபடி ஒரு பாட்டி. மூன்றாவது ஆள்? நான்காவது ஆள்?

காணோம்!

அந்த 16 பேர் எங்கே?

கதவுக்குப் பின்னால்

சிலர் வீட்டில் இருக்கிறார்கள். எல்லாரும் கோவிலுக்குப் போன பிறகு, கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி மணி ஓசையை மட்டும் கேட்கிறார்கள்.

சிலர் கோவில் வரைக்கும் வருகிறார்கள். படி ஏற முடியாமல் வெளியிலேயே நின்று விடுகிறார்கள்.

வாசலில் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். போகிறவர்களும் வருகிறவர்களும் காசு போடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் "உள்ளே வாங்க, இங்கே உட்காருங்க" என்று அவரை அழைத்தவர் உண்டா?

ஒரு தாய் வராமல் இருக்கிறாள். அவளுக்குக் காலும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவள் பிள்ளைக்குத்தான் மூளை வளர்ச்சி குறைவு. பூசை நடுவில் அவன் சத்தம் போடுவான். ஒரு முறை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்ததே போதும். அன்றிலிருந்து அவள் வருவதில்லை.

இது ஒரு ஊரின் கதை அல்ல. எந்த ஊரிலும் நடக்கக் கூடியது.

கூரையைப் பிரித்தார்கள்!

கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு.

கப்பர்நாகூம் என்ற ஊரில் ஒரு வீட்டில் ஏசு பேசிக் கொண்டிருந்தார். வாசல் வரை கூட்டம். திமிர்வாதத்தில் கிடந்த ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வந்தார்கள். உள்ளே நுழைய வழி இல்லை.

அந்த நாலு பேரும் என்ன செய்தார்கள்? "கூட்டமாக இருக்கிறது, இன்னொரு நாள் பார்ப்போம்" என்று திரும்பிப் போகவில்லை. மாடியில் ஏறினார்கள். கூரையைப் பிரித்தார்கள். படுக்கையைக் கயிறு கட்டி இறக்கினார்கள்!

கூரை போய் விட்டதே என்று ஏசு கோபிக்கவில்லை. அந்த நாலு பேரின் விசுவாசத்தை மெச்சினார். அவனைக் குணமாக்கினார்.

நோயாளி உள்ளே போவதற்காகக் கட்டடத்தை உடைத்தார்கள். இது வேதத்திலேயே இருக்கிறது.

இன்றைக்கு யாரும் கூரையைப் பிரிக்க வேண்டாம். வாசலில் ஒரு சாய்வுப் பாதை போட்டால் போதும்.

செய்தது கொஞ்சமல்ல

கிறிஸ்தவ சபைகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். செய்தது ஏராளம்.

இந்தியாவில் கண் தெரியாதவர்களுக்கு முதல் பள்ளிக்கூடம் 1887-ல் அமிர்தசரஸில் தொடங்கியது. தொடங்கியவர் ஆனி ஷார்ப் என்ற மிஷன் ஊழியர். அதற்கு முன்பே, பம்பாயில் காது கேளாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் வந்து விட்டது. அதற்குக் காரணமானவர் கத்தோலிக்க மேற்றிராணியார் மெயூரின்.

நம் தமிழ்நாட்டில் பாளையங்கோட்டைக்குத் தனிப் பெருமை உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இரண்டு வெள்ளைக்காரப் பெண்மணிகள் இருந்தார்கள். ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாதவர்களுக்குப் பள்ளி வைத்தார். பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்குப் பள்ளி வைத்தார். "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு?" என்று ஊரே கேட்ட காலம் அது.

திருச்சிக்கு வருவோம். 1923-ல் தொடங்கிய ஹோலி கிராஸ் பெண்கள் கல்லூரியைத் தெரியாதவர் திருச்சியில் இல்லை. திருச்சிலுவைக் கன்னியர் நடத்துவது. அங்கே மறுவாழ்வு அறிவியல் என்று ஒரு துறையே இருக்கிறது. உடற்குறையும் மனக்குறையும் உள்ளவர்களுக்கு எப்படி உதவுவது என்பதை அங்கே பாடமாகவே கற்பிக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தவர்கள் ஒரு சாய்வுப் பாதை போட முடியாதவர்களா?

சக்கர நாற்காலி டாக்டர்

வேலூர் ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். கேரளத்துப் பெண். 1954-ல் அவர் போன வண்டி விபத்துக்குள்ளானது. முதுகெலும்பு ஒடிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் விட்டது.

அப்போது அவருக்கு வயது 28 அல்லது 29. ஆபரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்ற கனவோடு இருந்தவர். இனி என்ன? வாழ்நாள் முழுதும் படுக்கைதானா?

அதே ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்ற டாக்டர் இருந்தார். மிஷன் ஊழியர்களின் மகன். 1914-ல் பிறந்தவர். பிறந்தது எங்கே தெரியுமா? இங்கே பக்கத்தில் இருக்கும் கொல்லிமலையில்! குஷ்டரோகத்தால் மடங்கிப் போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் காட்டியவர் அவர்.

அவர் மேரியின் காலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். கை நன்றாக இருக்கிறது. குஷ்டரோகிகளின் கைக்குச் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம். அப்புறம் என்ன?

மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். அங்கே 1966-ல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது.

எத்தனையோ பேர் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பார்கள். பரிதாபம் அவரை டாக்டராக்கவில்லை. "உன்னால் முடியும், இந்த வேலையைச் செய்" என்று ஒருவர் இடம் கொடுத்தார். அதுதான் அவரை டாக்டராக்கியது.

ஒவ்வொரு கோவிலும் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

எங்கே குறை?

ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். அங்கே கண் தெரியாதவரும் நடக்க முடியாதவரும் இருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர்களுக்கு என்ன இடம்?

வாசகம் வாசிக்கிறவர்களில் அவர்கள் உண்டா? பாடகர் குழுவில்? நிர்வாகக் குழுவில்? திருவிழாக் கமிட்டியில்?

உதவி பெறுகிறவர் பட்டியலில் மட்டும் பெயர் இருக்கிறது. உதவி செய்கிறவர் பட்டியலில் இல்லை. அதுதான் குறை.

கத்தோலிக்கச் சபையின் பழைய சட்டம் ஒன்று உண்டு. 1917-ல் வந்தது. உடலில் பெரிய குறை உள்ளவர் குருவாவதற்கு அது தடை போட்டது. விசேஷ அனுமதி வாங்க வேண்டும். 1983-ல் புதிய சட்டம் வந்தது. அதில் அந்தத் தடை இல்லை.

பலன்? 2024-ம் வருஷம் மே மாதம் திருச்சூரில் ஜோசப் தெர்மடம் என்பவர் குருப்பட்டம் பெற்றார். அவருக்குக் காது கேளாது, வாய் பேசாது. சைகை மொழியில் பூசை செய்கிறார். காது கேளாதவர்கள் அவரிடம் சைகையிலேயே பாவசங்கீர்த்தனம் செய்யலாம்.

இதன் அருமை காது கேட்கிறவர்களுக்கு எளிதில் புரியாது. பாவத்தை ரகசியமாகச் சொல்ல வேண்டும். சாமியாருக்கோ சைகை தெரியாது. நடுவில் அண்ணனையோ அம்மாவையோ நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்ல முடியுமா? எழுதப் படிக்கத் தெரியாதவர் எழுதித்தான் காட்ட முடியுமா? வாழ்நாள் முழுதும் மனசில் உள்ளதைச் சொல்ல முடியாமலே போனவர்கள் எத்தனை பேரோ!

நாலு படி

திருச்சி மலைக்கோட்டைக்கு 400-க்கு மேற்பட்ட படிகள். மலையை யாரும் மாற்ற முடியாது. ஆனால் கிராமத்து மாதா கோவிலுக்கு மூன்று படி, அல்லது நாலு படி. அதை மாற்ற முடியாதா?

சாய்வுப் பாதைக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். படிகளின் மொத்த உயரம் ஒன்றரை அடி என்றால் பாதை 18 அடி. இதைவிடச் செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலி சறுக்கும். தள்ளுகிறவருக்கும் மூச்சு வாங்கும். பக்கத்தில் கைப்பிடிக் கம்பி வேண்டும். தரை வழுவழுப்பாக இருக்கக் கூடாது. வாசல் 3 அடி அகலமாவது இருக்க வேண்டும்.

பாதை போட்டால் மட்டும் போதாது. உள்ளே இடம் வேண்டும். சக்கர நாற்காலியைக் கடைசியில் ஒரு மூலையில் நிறுத்தக் கூடாது. வரிசை நடுவில் ஒரு பெஞ்சைக் குறைத்தால் அவர் தன் குடும்பத்தோடு உட்காரலாம். நற்கருணை வாங்க அவர் வர முடியாவிட்டால், சாமியார் அவரிடம் இறங்கி வரலாம்.

சாய்வுப் பாதை யாருக்கெல்லாம் உதவும்? மூட்டுவலிக்காரப் பாட்டிக்கு உதவும். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு உதவும். பிரேதப் பெட்டியைத் தூக்கி வருகிறவர்களுக்கும் உதவும். இன்று நன்றாக நடக்கிறவரும் ஒரு நாள் கிழவராவார்!

காதும் கண்ணும்

படியை மட்டும் பார்த்து நின்று விடக் கூடாது.

கண் தெரியாதவருக்கு அன்றைய பாட்டுகளையும் ஜெபங்களையும் முன்கூட்டியே கைபேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்தில் அச்சடிக்கலாம். தமிழில் பிரெய்ல் எழுத்து இருக்கிறது. அது தெரிந்தவரை வாசகம் வாசிக்க அழைக்கலாம். விரலால் தடவி அவர் வாசிப்பதைக் குழந்தைகள் பார்க்கட்டும். அதைவிட நல்ல பிரசங்கம் வேண்டுமா?

காது கேளாதவருக்குச் சைகை மொழி வேண்டும். ஊருக்கு இரண்டு வாலிபர்கள் கற்றுக் கொண்டால் போதும். அவர்கள் முன்னால் நின்று பிரசங்கத்தைச் சைகையில் சொல்லலாம். பேசுகிறவர் முகம் தெரியும்படி வெளிச்சம் இருக்க வேண்டும். உதட்டசைவைப் பார்த்தே புரிந்து கொள்கிறவர்கள் பலர்.

மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கிடையாதா? படம் காட்டிச் சொல்லலாம். பாட்டாகச் சொல்லலாம். கையைப் பிடித்துச் சிலுவை போடச் சொல்லித் தரலாம். அந்தக் குழந்தைக்கும் புது நன்மை உண்டு. வெள்ளைச் சட்டை உண்டு. விருந்து உண்டு.

அவன் பூசையில் சத்தம் போட்டால்? போடட்டும்! பச்சைக் குழந்தை அழும்போது யாராவது கோபிக்கிறார்களா?

"விசுவாசம் போதவில்லை"

படியைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது வாயிலிருந்து வருவது.

"உங்களுக்கு விசுவாசம் போதவில்லை. நன்றாக ஜெபம் செய்தால் நடக்கலாம்" என்கிறார் ஒருவர்.

"யார் செய்த பாவமோ?" என்கிறார் இன்னொருவர்.

இது ஆறுதல் அல்ல. புண்ணில் உப்பு வைப்பது.

வேளாங்கண்ணியில் நடக்க முடியாத மோர்க்காரச் சிறுவன் மாதா அருளால் நடந்தான் என்பது மக்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு வருஷந்தோறும் லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். ஜெபம் செய்வது அவரவர் உரிமை. அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை.

ஆனால் நடக்காமலே திரும்பி வருகிறவர்கள்? அவர்கள் பாவிகளா? அவர்களைக் கடவுள் கைவிட்டு விட்டாரா?

பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். அவன் பாவமும் அல்ல, பெற்றோர் பாவமும் அல்ல என்பதுதான் ஏசு சொன்ன பதில். 2,000 வருஷத்துக்கு முன்பே முடிந்து போன கேள்வி அது. அதை இன்னும் கேட்டுக் கொண்டிருக்கலாமா?

ஒருவர் தனக்காக ஜெபம் செய்யச் சொன்னால் செய்யுங்கள். கேட்காதவரின் தலையில் வலியக் கை வைக்க வேண்டாம். அவர் குணமாக வரவில்லை. எல்லாரையும் போலப் பூசை பார்க்க வந்திருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. புதியதில் 21 வகைகள்.

பொதுக் கட்டடம் எது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடமே. மத சம்பந்தமான கட்டடமும் அதில் அடங்கும். கோவிலும் சரி, மசூதியும் சரி, சர்ச்சும் சரி, எல்லாம் ஒன்றே. பழைய கட்டடங்களைச் சீர்படுத்த 5 வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் 2022-லேயே முடிந்து விட்டது!

ஆகவே சாய்வுப் பாதை என்பது தர்மம் அல்ல. அது கடமை.

ஆனால் ஒரு விஷயம். சட்டத்துக்குப் பயந்து பாதை போடலாம். சட்டத்துக்குப் பயந்து யாரும் சிரித்த முகத்தோடு "வாங்க" என்று சொல்ல முடியாது. அது மனசிலிருந்துதான் வர வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது?

"எங்கள் கோவில் ஏழைக் கோவில். பணம் ஏது?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஆனால் அதே ஊரில் திருவிழா வருகிறது. தேர் ஜோடனை. மின்சார விளக்கு. வாண வேடிக்கை. அரை மணி நேரத்தில் ஆகாயத்தில் எரிந்து போகிறது காசு. ஒரு வருஷம் வாணத்தைக் குறைத்தால் அந்தப் பணத்தில் பாதை வேலையைத் தொடங்கி விடலாம். ஊரில் கொத்தனார் இருக்கிறார். சித்தாள் வேலைக்கு வாலிபர்கள் இருக்கிறார்கள்.

"பழைய கட்டடம். கை வைக்கக் கூடாது" என்பார்கள். சரி, மரப்பலகையில் பாதை செய்து வையுங்கள். வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது எடுக்கலாம்.

காசே தேவைப்படாத உதவிகளும் இருக்கின்றன. லால்குடியிலிருந்து திருச்சி சுமார் 20 கிலோ மீட்டர். அடையாள அட்டைக்கோ உதவித் தொகைக்கோ அங்கே ஒரு முறை போய் வருவது நடக்க முடியாதவருக்குப் பெரும்பாடு. கூட வர ஆள் வேண்டும். மனு எழுத ஆள் வேண்டும். வாலிபர் சங்கத்தில் ஒருவர் கூடப் போனால் அவருடைய பாதிக் கஷ்டம் தீரும்.

அந்தத் தாயின் பிள்ளையை வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டார் பார்த்துக் கொண்டால் என்ன? அவள் கடைக்குப் போவாள். அல்லது சும்மா கண்ணை மூடிப் படுத்திருப்பாள். பல வருஷங்களாக அவளுக்குக் கிடைக்காத ஓய்வு அது.

முதலில் கேளுங்கள்

எங்கே தொடங்குவது?

முதலில் எண்ணுங்கள். சாமியாரும் நாலு பேரும் வீடு வீடாகப் போகட்டும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரிக்கட்டும்.

அடுத்து, அவர்களையே கேளுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். கூட வந்தவரிடம் கேட்க வேண்டாம். அவரிடமே கேளுங்கள். கண் தெரியாதவருக்குக் காது கேட்கும். நடக்க முடியாதவருக்கு வாய் உண்டு.

கடைசியாக, அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவருக்குக் கணக்கு. பாடத் தெரிந்தவருக்குப் பாட்டு. பேசத் தெரிந்தவருக்குக் கமிட்டியில் ஒரு நாற்காலி.

2010-ல் தமிழக அரசு ஒரு சொல்லை மாற்றியது. "ஊனமுற்றோர்" என்ற சொல்லை எடுத்து விட்டு "மாற்றுத் திறனாளிகள்" என்று வைத்தது. காகிதத்தில் சொல் மாறி விட்டது. கோவிலில் இடம் மாற வேண்டாமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மணி அடிக்கும். அந்த ஓசை கயிற்றுக் கட்டில் வரைக்கும் கேட்கும்.

நாலு பேர் போய் அவரை அழைத்து வரட்டும்.